ரகரம் துக்கம் காத்த ஊர்

கடலுக்கு அந்தப் பக்கம், பப்புவாவுக்கும் கொஞ்சம் அந்தப் பக்கம், ஒரு தீவுல ஆறு கடல்ல விழுத எடத்துல ஓவகேதின்னு ஒரு ஊரு உண்டு. தேசப்படத்துல தேடாதீங்க, கெடைக்காது, நானே மூணு படகு மாறி ரெண்டு நாளு வாந்தி எடுத்துத்தான் போய்ச் சேந்தேன். போனது ஆறு மாசத்துக்குன்னு, இருந்தது ஒம்பது வருசம். அங்க சாமியாருமாரு வள்ளத்துக்கு எஞ்சின் பாக்க ஆளு வேணும்னு சொல்லி விட்டிருந்தாவ, கொளச்சல்ல நமக்கும் பெரிய சோலி ஒண்ணும் இல்ல, வயித்துப்பாடு, போயாச்சு. என் பேரு சம்மனசு. சம்மனசுன்னா தேவதூதன், பேருதான் அப்பிடி, வாயில வாறது பூரா கெட்ட வார்த்தன்னு எங்க ஊர்ல சொல்லுவாவ, அது பொய்யின்னு நானும் சொல்லமாட்டேன்.

அந்த ஊரு பாஷையில மொத்தம் பதினோரு சத்தம்தான். நம்புனா நம்புங்க, நம்பாட்டிப் போங்க. அ, இ, உ, எ, ஒ, இது அஞ்சு. ப, த, க, வ, ர, இது அஞ்சு. அப்புறம் தொண்டக்குள்ள மெதுவா உருளுத இன்னொரு க. தீந்துது. நமக்கு எரநூத்திச் சொச்சம் எழுத்து இருந்தும் வாயத் தொறந்தா சண்ட, அவிய அந்தப் பதினொண்ண வச்சுக்கிட்டு மீன் பிடிச்சாவ, காதலிச்சாவ, பன்னிக்குப் பஞ்சாயத்துப் பேசினாவ, செத்தவியளப் பத்தி நாளு முழுக்கப் பாடினாவ, ஒரு வார்த்தைக்கும் தட்டுப்பாடு வந்ததா நான் பாக்கல்ல. மூக்குல வாற சத்தம் ஒண்ணுகூட கெடயாது. ம இல்ல, ந இல்ல, ண இல்ல. எம் பேர எத்தன தடவ சொல்லிக் குடுத்தாலும் "தப்பாதூ"தான். மூக்குச் சத்தம் அவியளுக்கு வராதுன்னு நெனச்சிராதீங்க, நல்லா வரும், ஆனா வெளியூர்க்காரன நக்கல் அடிக்கும்போது மட்டும்தான் அத வெளிய எடுப்பாவ. நான் அவிய பாஷய மூக்கால பேசுதேனாம். லுங்கிய மடிச்சுக் கெட்டுத மாதிரி கெட்டி, எஞ்சின் கயித்த இழுக்குத மாதிரி இழுத்து, ஙொய் ஙொய்னு எம் பேச்சப் பேசிக் காட்டுவாவ பாருங்க, கோவம் வந்தாலும் எனக்கே சிரிப்பாணி பொத்துக்கிட்டு வரும்.

பதினோரு சத்தத்துக்கும் பதினோரு வீடு. வீடுன்னா தாய்வழி. ப ஒரு வீட்டுக்குச் சொந்தம், இ ஒரு வீட்டுக்குச் சொந்தம், அந்தந்த வீட்டுப் பொம்பளையதான் அதக் காப்பாத்தணும், மத்தவிய எல்லாரும் அத எரவல் வாங்கிப் பேசுதாவன்னு கணக்கு. அங்க போய் எறங்குத ஆளு எதாவது ஒரு வீட்டுல சேந்தாத்தான் பச்சத்தண்ணிகூட குடிக்க முடியும். நான் போய் எறங்குன அன்னிக்கு, எஞ்சின் பொட்டி மேல உக்காந்து ஒரு மணிக்கூறா யாரோடயோ சண்ட போட்டுக்கிட்டு இருந்தேன், அதக் கேட்டுட்டு ர வீட்டுக்காரி ஒருத்தி வந்து, "இவன் வையும்போது ர நல்லா உருளுது, எந் தம்பியா இருக்கட்டும்"னு சொல்லி ஒரு சுட்ட கெழங்கக் கையில தந்தா. அவ பேரச் சொல்லமாட்டேன், செத்தவிய பேர அங்க யாரும் சொல்லப்பிடாது. எனக்கு அவ அக்கா, அவ்வளவுதான். அவ மாப்பிள கோவுதே எனக்கு அத்தான். அவ மக ஆரீரா எனக்கு மருமக. அந்தப் பேர மொதல்ல கேட்டப்ப, என்னத் தொட்டில்ல போட்டு யாரோ தாலாட்டுத மாதிரி இருந்துது.

அத்தான் ஒரு தடவ பேசணும்னா ஒம்பது தடவ யோசிப்பாரு. ஆனா மகளக் கூப்பிடுததுக்கு மட்டும் கணக்கே கெடயாது. தண்ணி வேணும்னா ஆரீரா, மழ வந்தா ஆரீரா, சும்மா உக்காந்திருந்தாலும் ஆரீரா. அவ வந்து "என்னப்பா"ன்னா "ஒண்ணும் இல்ல"ம்பாரு. அக்கா தலையில அடிச்சுக்கிடுவா. பிள்ளையப் பெத்தது நானு, பேரத் தின்னுதது இந்த மனுசன்னு ஏசுவா.

அவ அப்பிடி ஏசுனதுக்குப் பின்னால ஒரு வலி இருந்துது. அந்த ஊர்ல கல்யாணம்னா தாலி கெடயாது, மால கெடயாது. மாப்பிள வீட்டாரு ஓடத்துல வந்து ஆத்தங்கரையில காத்துக் கெடப்பாவ. பொண்ணு வீட்டு ஏணி மேல நிப்பா. அப்பன் கீழ நின்னு அவ பேரச் சொல்லிக் கூப்பிடணும். ஒரு தடவ, ரெண்டு தடவ, மூணாம் தடவ அவ "ஓ"ன்னு பதில் குடுத்து எறங்கி வருவா, நேரா ஓடத்துக்குப் போவா. அந்த "ஓ"வோட சரி, அப்புறம் அப்பன் சாகுத வர மக பேர வாயால சொல்லப்பிடாது. அக்கரைப் பொண்ணு, இன்னாரு பெண்டாட்டி, அப்பிடித்தான் சொல்லணும். பேரு, அவ போன வீட்டுக்குச் சொந்தம். கூப்பிடாம பொண்ணு எறங்கவும் முடியாது, கூப்பிட்ட பெறகு அப்பன் கூப்பிடவும் முடியாது, என்ன எளவு சட்டமோ, யாரு போட்டதோ.

அக்கரையில தாவிகோன்னு ஒரு பய, நல்ல பய, ஆரீரா மேல உசுரு, அவளுக்கும் அவன் மேல உசுரு. ரெண்டு வீட்டுலயும் பேசி முடிச்சு நாளு குறிச்சாச்சு. அப்பத்தான் அக்கா செத்தா. தோட்டத்துலேருந்து காச்சலோட வந்து படுத்தவ, மூணாம் நாளு மத்தியானம் போய்ச் சேந்தா. நான் நெஞ்சுல அடிச்சு அழுதேன், எனக்கு அந்த ஊர்ல கெழங்கு தந்த மொதக் கை அது. அத்தான் அழல்ல. ஆரீராவும் அழல்ல, ரெண்டு உதட்டையும் இறுக்கி மூடிக்கிட்டு நின்னா.

ஒரு வீட்டுல சாவு விழுந்தா அந்த வீட்டுச் சத்தமும் ஒரு மாசம் துக்கம் காக்கும். ஊருல யாரும் அதச் சொல்லமாட்டாவ, அது வாற எடத்துல ஒரு மூச்சு விட்டுட்டு அடுத்ததச் சொல்லுவாவ. மாசம் முடிஞ்ச அன்னிக்குப் பன்னி அடிச்சு, ஊரே ஆத்தங்கரையில நின்னு ஒண்ணாச் சொல்லி அத வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும். அன்னிக்கும் அப்பிடியே நின்னாவ. எல்லாரும் வாயத் தொறந்தாவ. வெறும் காத்துதான் வந்துது. இன்னொரு தடவ தொறந்தாவ, நாக்கு மேல போச்சு, துடிச்சுது, ர வரல்ல. ஒருத்தர ஒருத்தர் பாத்தாவ. "அதுக்கு இன்னும் துக்கம் தீரல்ல போல"ன்னு ஒரு கெழவன் சொன்னாரு, செரின்னுட்டு பன்னிக்கறியத் தின்னுட்டு எல்லாரும் வீட்டுக்குப் போனாவ.

எனக்கு மட்டும் போகல்ல. என் ர கொளச்சல் ர, ஞானஸ்நானம் வாங்குன ர, அதுக்கு ஓவகேதியில துக்கம் கெடயாது.

அடுத்த நாள்லேருந்து ஊரு அது பாட்டுக்கு ர இல்லாம ஓடுச்சு. மழைக்கு அவிய சொல்லுத வார்த்தையில ர உண்டு, அதனால மேகத்தப் பாத்தா கையக் காட்டுவாவ, காட்டுததக் காணாதவன் நனஞ்சான். பேருல ர இருக்கவன் எல்லாம் வேலைக்கு வராம படுத்துக் கெடந்தான், ஏம்டேன்னு கேட்டா, "என்ன யாரு கூப்பிட்டா"ன்னு கேட்டான். ஒரு நாயிக்கு ரூருன்னு பேரு, கூப்பிட ஆளு இல்லாம அது வாசல்லயே உக்காந்து எல்லாரு வாயையும் மாறி மாறிப் பாத்துச்சு. பொம்பளைய தெனமும் ஆத்தங்கரையில சுட்ட கெழங்கு வச்சாவ, பசிச்சா வரட்டும்னு. சாமியாரும் அந்த ஊர்க்காரருதான், பூசையில ஆறு எடத்துல தும்முத மாதிரி மூச்சு விட்டாரு, சனங்களும் அந்தந்த எடத்துல மூச்சு விட்டு "ஆபே"ன்னு ஆமென் சொல்லிச்சு. ஒரு மாசம் போச்சு, ரெண்டு மாசம் போச்சு, பழகிப் போச்சுன்னே சொல்லலாம். ஒரு வீட்டுக்கு மட்டும்தான் பழகல்ல.

அத்தான் மகளக் கூப்பிடுவாரு, "ஆ, ஈ, ஆ"ன்னு வரும். கொட்டாவி விடுத மாதிரி இருக்கும். அவரு உடனே வாயப் பொத்திக்கிடுவாரு. ரெண்டு நாளு அப்பிடி முயற்சி பண்ணிட்டு அப்புறம் கூப்பிடுததயே விட்டுட்டாரு. அவளும் பேசுதத விட்டுட்டா, எதாவது சொல்லணும்னா பல்லுவலிக்காரி மாதிரி வாயக் கையால மூடிக்கிட்டு ரெண்டு வார்த்த. 

குறிச்ச நாளு வந்துது, போச்சு. ரெண்டாவதும் குறிச்சாவ, அதுவும் போச்சு. அன்னிக்கு நான் முன்னால போய், "அத்தான், நான் கூப்பிடுதேன், எனக்குத்தான் வருதே"ன்னு ஏணிக்குக் கீழ நின்னு தொண்ட கிழிய "ஆரீரா"ன்னு கூப்பிட்டேன். ஏணி மேலேருந்து வாயப் பொத்திக்கிட்டு அவ சொன்னா, "மாமா கூப்பிட்டா மாமா வீட்டுக்கு வாறேன். புருசன் வீட்டுக்கு அப்பாதான் கூப்பிடணும்." அவ சொன்னதும் ஞாயம்தான். ஓடத்துல உக்காந்திருந்த தாவிகோ தலையத் தொங்கப் போட்டுக்கிட்டான்.

தாவிகோவுக்கு ஒரு தாய் உண்டு, கேபான்னு பேரு, பேச்சுன்னா கத்தி. அவ அன்னிக்கே எங்க அத்தான்கிட்ட நேராவே சொல்லிட்டா. "இன்னும் பத்து நாள்ல காத்து மாறும், நாங்க குடும்பத்தோட வெளித்தீவுக்கு மீனுக்குப் போயிருவோம். அதுக்குள்ள மக எறங்கல்லன்னா நான் வேற வீட்டுல பொண்ணு எடுப்பேன், அப்புறம் வருத்தப்படாதேயும்." அத்தான் தரையப் பாத்துக்கிட்டே இருந்தாரு. தாவிகோ திரும்பிப் போகும்போது துடுப்பே போடல்ல, ஓடம் அதுவா ஒதுங்கிப் போச்சு.

நாலாம் நாளு கேபாவோட படகு எஞ்சின் நின்னு போச்சுன்னு என்னக் கூப்பிட்டு விட்டாவ. நான் போய்க் கழட்டி, மாட்டி, கயித்த இழுத்தேன், இழுத்தேன், இழுத்தேன், அது இருமிச்சே தவிர ஓடல்ல. வாயில வந்ததெல்லாம் சொல்லி வஞ்சேன். கேபாவுக்குப் பொறுக்கல்ல. சேலையில்லாத ஊரு அது, கெட்டியிருந்த துணிய லுங்கி மாதிரி மடிச்சுச் சொருகி, இல்லாத கயித்த இழுத்து, மூக்கால என்ன மாதிரியே பேசிக் காட்டுனா, "ஙோ ஙோ, ஓடும்ம்ம், நாளக்கி ஓடும்ம்ம், சரியாயிரும்ம்ம்." கரையில நின்ன எல்லாரும் சிரிச்சாவ. அப்புறம் ஒருத்தருக்கும் சிரிப்பு இல்ல. அவ வாயில ர வந்திருந்துது. ஒண்ணு இல்ல, ரெண்டு தடவ, முழுசா, உருண்டு வந்திருந்துது.

"இன்னொரு தடவ சொல்லு"ன்னு யாரோ சொன்னாவ. அவ சாதாரணமாச் சொல்லிப் பாத்தா, வரல்ல. என்ன மாதிரிச் சொன்னா, வந்துது. அது எனக்க கொளச்சல் ர.

அதுக்கப்புறம் அந்த ஊர்ல என்னால வெளிய தல காட்ட முடியல்ல. யாருக்கு ர வேணும்னாலும் அந்த நேரத்துக்கு சம்மனசா மாறுனாவ. மழ வருதுன்னு சொல்ல ஒருத்தி லுங்கி மடிச்சா. ரூருவக் கூப்பிட அதுக்க சொந்தக்காரன் மூக்கப் பிடிச்சுக்கிட்டுக் கயிறு இழுத்தான், நாயி ஓடி வந்து என்னத் தேடிச்சு. சாமியாரு பூசையில ஆறு எடத்துல என்ன மாதிரிப் பேசுனாரு, ஆண்டவர் மன்னிக்கட்டும், ஏழாவது எடத்துலயும் ஆசைக்கு ஒண்ணு பேசுனாரு. எங்க திரும்புனாலும் நானு. எம் பேச்சு இவ்வளவு கேவலமாவா இருக்குன்னு எனக்கு ரெண்டு நாளு சோறு எறங்கல்ல.

அத்தான்கிட்டப் போய்ச் சொன்னேன். "அத்தான், வழி கெடச்சாச்சு. என்ன நக்கல் அடிச்சுக் கூப்பிடும்."

"முடியாது"ன்னாரு. "பெண்டாட்டி செத்தவன் நக்கல் அடிக்கப்பிடாது. துக்கம் தீருத வர சிரிக்கவும் பிடாது, சிரிக்க வைக்கவும் பிடாது."

"ர வராட்டி துக்கம் தீராது, துக்கம் தீராட்டி ர வராது. அப்ப பிள்ளைக்க வாழ்க்க?"

அவரு அடுப்புல இருந்த கெழங்கத் திருப்பிப் போட்டாரு. "உங்க அக்கா இருந்தா என்ன சொல்லுவா?"ன்னு கேட்டாரு.

"அக்காவா? அவதான் மொத ஆளா என்ன நக்கல் அடிச்சது. நீரு சாம்பலுக்குள்ள மூஞ்ச வச்சுக்கிட்டு இருக்கதப் பாத்தா கொள்ளிக்கட்டயால சாத்துவா."

"ஆமா, சாத்துவா"ன்னாரு. அக்கா செத்தப்பெறகு அவரு கண்ணுல தண்ணியப் பாத்தது அன்னிக்குத்தான்.

காத்து மாறுததுக்கு ஒரு நாளு இருக்கும்போது, காலம்பற, அக்கரைக்காரங்க மூணாவது தடவையா ஓடத்துல வந்தாவ. கேபா ஓடத்துக்கு முன்னால நெட்டக்குத்தா நின்னா. தாவிகோ கண்ணெடுக்காம ஏணியப் பாத்துக்கிட்டு இருந்தான். ஊரு பூரா ஆத்தங்கரையில. ஆரீரா ஏணி மேல நின்னா, தலையில பூவு, வாயில கையி. அத்தான் வீட்டுக்குப் பின்னாலேருந்து வந்தாரு. எனக்க லுங்கியக் கெட்டியிருந்தாரு, திருட்டு மனுசன், கொடியில காயப் போட்டிருந்தத எடுத்திருக்காரு.

வந்து நின்னாரு. லுங்கிய மடிச்சாரு. அது அவிழ்ந்துது, நான் செய்யுத மாதிரியே அதத் திட்டிட்டு மறுபடி மடிச்சாரு. ஊரு ஒரு சத்தம் இல்லாமப் பாத்துச்சு, துக்கக்காரன் நக்கல் அடிச்சா சிரிக்கலாமான்னு யாருக்கும் தெரியல்ல. அவரு கயித்த இழுத்து, மூக்கால, "ஆங்ரீங்ரா"ன்னாரு. ர வந்துது. சனங்க வாய மூடிக்கிட்டுக் குலுங்கிச்சு. ஆரீரா அசையல்ல, ஆனா தோளு ரெண்டும் ஆடுச்சு. ரெண்டாம் தடவ அவரு ஒரு காலத் தூக்கி எஞ்சின் மேல வச்சு, ரெண்டு கையாலயும் இழுத்து, தும்மி, பின்னால விழுந்து, விழுந்த எடத்துல உக்காந்து, கொளச்சல் அன்னையக் கூப்பிட்டு, அப்புறம் என் வாயில தெனமும் வாற ஒரு வார்த்தையச் சொன்னாரு, அத நான் இங்க சொல்லமாட்டேன், அவருக்கு அர்த்தம் தெரியாது, நல்லவேள, சாமியாருக்கும் தெரியாது. நான்தான் மொதல்ல சிரிச்சேன். அப்புறம் ஊரு சிரிச்சுது. மேல நின்ன பிள்ள பொறுத்துப் பொறுத்துப் பாத்து, கைய எடுத்துட்டு வாயத் தொறந்து சிரிச்சா.

அவ வாயிலேருந்து அது வெளிய வந்துது. கூரையில மழ எறங்குத மாதிரி ஒரு ரரரரன்னு, நாங்க எல்லாரும் கேட்டோம், அது ஏணி வழியா எறங்கி, சனங்களுக்கு நடுவுல போயி, ஆத்தத் தாண்டி, அக்கர மரத்துல பட்டுத் திரும்பி வந்து ஒவ்வொருத்தரு நாக்குலயும் உக்காந்துது. ரூரு ஒரு தடவ கொலச்சுது. மூணு மாசமா அவதான் வச்சிருந்தா. அம்மைக்கப்புறம் அந்த வீட்டுச் சத்தத்துக்கு அவதான காவல், காவல்காரியே அத வாய்க்குள்ள பூட்டி வச்சிருந்தா, அத வச்சுக்கிட்டுச் சாப்பிட்டா, தூங்குனா, அழாம இருந்தா. ஏன்னு யாரும் கேக்கல்ல. ஏணிக்குக் கீழ தரையில உக்காந்திருந்த அந்த ஒத்த மனுசனப் பாத்தா போதும், எல்லாருக்கும் தெரிஞ்சுது. "கள்ளி"ன்னு கேபா மட்டும் மெதுவாச் சொன்னா, அதுல கோவம் இல்ல.

அத்தான் எழும்பினாரு. லுங்கியத் தட்டி விட்டாரு. மூக்க விட்டாரு, கயித்த விட்டாரு, சம்மனச விட்டாரு, அவருக்க சொந்தக் குரல்ல, மூணு மாசமாச் சொல்லாததச் சொன்னாரு.

"ஆரீரா."

மூணாம் தடவ அது. இப்ப அவ "ஓ"ங்கணும், எறங்கணும். அவ எறங்கல்ல. அப்பனப் பாத்துக்கிட்டே நின்னா. அவரு கொஞ்சம் பொறுத்துட்டு, "ஆரீரா"ன்னாரு. அவ பேசல்ல. பிள்ளைக்குக் கேக்கல்லியோன்னு கூட்டத்துல ஒருத்தன் வாயத் தொறந்தான், அவன் பெண்டாட்டி அவன முழங்கையால இடிச்சா. அத்தானுக்கு அப்பத்தான் வெளங்கிச்சு. அவ பதில் சொல்லாத வர பேரு அவருக்குச் சொந்தம்.

அவரு கூப்பிட்டாரு. மழைக்குக் கூப்பிடுத மாதிரி கூப்பிட்டாரு, தண்ணிக்குக் கூப்பிடுத மாதிரி கூப்பிட்டாரு, ஒண்ணும் இல்லாததுக்குக் கூப்பிடுத மாதிரியும் கூப்பிட்டாரு, சின்னப் பிள்ளையில அவ ஆத்துப் பக்கம் ஓடுனா போடுவாரே ஒரு சத்தம், அதையும் போட்டாரு. வெயிலு ஏறுச்சு. சனங்க மணல்ல உக்காந்துச்சு. தாவிகோ ஓடத்துலேருந்து எறங்கி தண்ணியில நின்னுக்கிட்டே அழுதான், அவன் ஏன் அழுதான்னு அவனுக்கே தெரியாது. வேலியேத்தம் திரும்புது, தண்ணி வத்துனா ஓடம் தரை தட்டுமேன்னு துடுப்புக்காரன் முணுமுணுத்தான். கேபா அவனப் பாத்து, "தட்டுனா தள்ளிக்கிடலாம். அந்த மனுசன் சொல்லட்டும்"னா. சொல்லிட்டு அவளும் உக்காந்துட்டா.

தொண்ட கட்டிப் போச்சு அவருக்கு. பேரு பாதி காத்தா வந்துது. இன்னொண்ணுக்கு வாயத் தொறந்தவரு, மக நெத்தியில வேர்வையப் பாத்தாரு, ஓடத்தப் பாத்தாரு, வாய மூடிக்கிட்டாரு. போதும்ங்குத மாதிரி தலைய ஒரு தடவ ஆட்டுனாரு. அவ காத்துக்கிட்டு நின்னா, இன்னும் ஒண்ணு வரும்னு. வரல்ல.

யாரும் கூப்பிடாமலே, "ஓ, அப்பா"ன்னுட்டு அவ எறங்கி வந்தா.